சுடுதண்ணி வேலை செஞ்சுதா?

2018 ஏப்ரலில் அத்தை ஆபரேஷன் முடிந்து விருதுநகர் திரும்பினார். பார்க்க வருகிறவர்கள் எல்லாரிடமும் ஒரே கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். "வயித்தைத் திறந்து, இருக்குறதெல்லாம் சுரண்டி எடுத்துட்டு, உள்ள சுடுதண்ணிய விட்டுக் கழுவியிருக்காங்க. கறிக்கொழம்பு வச்ச சட்டிய கழுவுற மாதிரி." கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். பிசுக்குச் சட்டி பச்சைத் தண்ணியில் போகாது, சுடுதண்ணி வேணும். சமையலறையில் நிற்கிற எவருக்கும் இது புரியும். அமெரிக்க நோயாளிகளும் ஏறக்குறைய இதே வழியில்தான் போயிருக்கிறார்கள். கடையில் விற்கும் ஒரு சமையல் பொருளின் பெயரையே எடுத்து, 'ஷேக் அண்ட் பேக்' என்று இந்தச் சிகிச்சைக்கு வைத்துவிட்டார்கள். குலுக்கு, சுடு, அவ்வளவுதான்.

மருத்துவப் பெயர் ஹைபெக். அத்தைக்குப் பெருங்குடலில் தொடங்கிய புற்று வயிற்றறைக்குள் பரவியிருந்தது. குடல் கறி சுத்தம் செய்தவர்களுக்குத் தெரியும், குடலைச் சுற்றிக் கண்ணாடிக் காகிதம் மாதிரி மெல்லிசாக ஒரு உறை இருக்கும். மனிதனுக்கும் அதேதான், பெரிட்டோனியம் என்பார்கள். வயிற்றின் உள்சுவர், கல்லீரல், குடல், கருப்பை எல்லாவற்றின் மேலும் மடிந்து மடிந்து போகிறது. விரித்துப் போட்டால் கிட்டத்தட்ட நம் தோலின் பரப்பளவு வரும். குடலிலோ சினைப்பையிலோ இருக்கும் கட்டியிலிருந்து உதிர்கிற செல்கள் இந்த உறையில் விதைபோல ஒட்டி முளைக்கின்றன. ரத்தத்தில் ஏற்றும் கீமோ அங்கே சரியாகப் போய்ச் சேர்வதில்லை. பல பத்தாண்டுகளுக்கு, வயிற்றைத் திறந்து இந்த விதைப்பைப் பார்த்துவிட்டால் சர்ஜன் திரும்பத் தைத்துவிட்டு வெளியே வந்து வீட்டாரைக் கூப்பிட்டு உட்காரச் சொல்வதுதான் வழக்கமாக இருந்தது.

குடும்பத்தில் கம்ப்யூட்டர் படித்தவன் என்பதால் இன்டர்நெட்டில் இருப்பதெல்லாம் எனக்குத் தெரியும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. "மாப்ள, நீ படிச்சுப் பாத்து சொல்லு, செய்யலாமா வேணாமான்னு" என்றார் மாமா. படித்தேன், சொன்னேன். சொன்னதற்குப் பிறகும் படிப்பதை நிறுத்த முடியவில்லை. இந்தக் கட்டுரை அப்படிச் சேர்ந்ததுதான்.

வெப்பத்துக்கும் புற்றுக்கும் பகை என்ற எண்ணம் பழசு. 1866-இல் பான் நகரில் புஷ் என்ற ஜெர்மன் சர்ஜன், முகத்தில் கட்டியிருந்த ஒருவருக்கு எரிசிபெலஸ் என்ற தோல் தொற்று வந்து கடுங்காய்ச்சல் அடித்தபின் கட்டி கரைந்துபோனதை எழுதி வைத்தார். கால் நூற்றாண்டு கழித்து நியூயார்க்கில் வில்லியம் கோலி என்ற இளம் சர்ஜனிடம் கையில் சார்க்கோமா வந்த பதினேழு வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். கோடீஸ்வரர் ராக்ஃபெல்லரின் மகனுக்கு நெருங்கிய தோழி. கையை எடுத்தும் பயனில்லை, 1891 ஜனவரியில் இறந்துபோனாள். கோலியால் அதைக் கடந்து போக முடியவில்லை. மருத்துவமனையின் பழைய பதிவேடுகளைத் தோண்டினார். கழுத்துக் கட்டிக்குத் திரும்பத் திரும்ப அறுவை செய்தும் தோற்றுப்போய், பிறகு எரிசிபெலஸ் காய்ச்சல் வந்து கட்டி மறைந்த ஸ்டைன் என்ற குடியேறியின் கேஸ் ஒன்று கிடைத்தது. மன்ஹாட்டனின் ஏழைக் குடியிருப்புகளில் ஏறி இறங்கி அந்த ஆளைத் தேடினார். ஏழு வருடத்துக்குப் பிறகும் ஸ்டைன் உயிரோடு இருந்தார்.

அதன்பின் கோலி நோயாளிகளுக்கு வேண்டுமென்றே கிருமியை ஊசியில் ஏற்றத் தொடங்கினார். சிலருக்குக் கட்டி கரைந்தது, சிலர் தொற்றிலேயே போனார்கள். கேள்வி ஒன்று மட்டும் மிஞ்சியது. கட்டியைக் கரைத்தது எது? கிருமியா, அதன் நஞ்சா, காய்ச்சலின் சூடா? உடலின் எதிர்ப்புச் சக்தியைத்தான் கோலி தெரியாமல் தட்டி எழுப்பினார் என்று இன்றைய மருத்துவம் சொல்கிறது. இம்யூனோதெரபியின் முன்னோடி வரிசையில் அவர் படம்தான் முதலில் இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்தில் சூடு என்ற பதிலும் நியாயமாகவே பட்டது. 1898-இல் ஸ்வீடனில் வெஸ்டர்மார்க் என்ற மகப்பேறு மருத்துவர் கருப்பைவாய்ப் புற்றின் மேல் சுடுநீரைச் சுற்றவிட்டுப் பார்த்தார். 1967-இல் ரோமில் கவாலியெரேயும் கூட்டாளிகளும் கை, கால்களின் ரத்த ஓட்டத்தை மட்டும் தனியாகப் பிரித்து, சூடேற்றிய ரத்தத்தை அதில் ஓட்டினார்கள். புற்றுச்செல்கள் சாதாரணச் செல்களைவிடச் சூட்டுக்குச் சீக்கிரம் சாகின்றன என்று அறிவித்தார்கள். அமெரிக்காவில் அதோடு மருந்தையும் சேர்த்துக்கொண்டார்கள்.

கை காலைத் தனியாகக் கட்டிவிடலாம், ரத்தக்குழாயைப் பிடித்தால் போதும். வயிற்றை என்ன செய்வது?

இதற்குப் பாதி விடை ஒரு டாக்டரிடமிருந்து வரவில்லை. ராபர்ட் டெட்ரிக் ஒரு கெமிக்கல் இன்ஜினியர். அமெரிக்க தேசிய சுகாதாரக் கழகத்தில் உட்கார்ந்து, மருந்து உடம்புக்குள் எங்கே எவ்வளவு வேகத்தில் போகிறது என்று தொழிற்சாலைக் குழாய், தொட்டிக் கணக்குபோல் சமன்பாடு எழுதிக்கொண்டிருந்தவர். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு வயிற்றறையில் திரவம் விட்டு எடுக்கும் டயாலிசிஸ் அப்போதே நடைமுறையில் இருந்தது. அதில் பெரிட்டோனியம் எதை எவ்வளவு வேகமாக உள்ளே விடுகிறது என்ற எண்கள் கைவசம் இருந்தன. 1978-இல் டெட்ரிக்கும் சக ஆய்வாளர்களும் சினைப்பைப் புற்றை வைத்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வயிற்றில் ஊற்றிய மருந்து ரத்தத்துக்குள் மெதுவாகத்தான் கசியும், ரத்தத்துக்கு வந்ததைக் கல்லீரலும் சிறுநீரகமும் வேகமாக அகற்றிவிடும், ஆகவே வயிற்றுக்குள் இருக்கும் செறிவு ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு கூடுதலாக இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. நோய் இருக்கும் இடத்தில் விஷம், மற்ற இடங்களில் அதன் சாயல் மட்டும். தொட்டிக்குள் வருகிற வேகமும் வெளியே போகிற வேகமும் தெரிந்தால் தொட்டியின் மட்டம் தெரியும். எனக்கு இரண்டாம் வருடத்தில் அரியர் விழுந்த பாடம் இது. எங்கோ ஓரிடத்தில் அது ஆளைக் காப்பாற்றியிருக்கிறது என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

மீதிப் பாதி கென்டக்கியில் நடந்தது. லூயிவில் பல்கலைக்கழக சர்ஜன் ஜான் ஸ்ப்ராட்டும் அவர் குழுவும் ஒரு எந்திரம் கட்டினார்கள். பம்ப், சூடேற்றி, வடிகட்டி, வெப்பமானி, குழாய்கள். இதய ஆபரேஷன்களில் ரத்தத்தைச் சுற்ற வைக்கிற எந்திரத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். முதலில் நாய்களில் ஓட்டிப் பார்த்தார்கள். 1979-இல் 35 வயது ஆண் ஒருவருக்கு, வயிற்றைச் சுத்தம் செய்தபின், தையோடெபா என்ற மருந்து கலந்த சூடான திரவத்தை வயிற்றறையில் சுற்றவிட்டார்கள். அவருக்கு இருந்த நோய் சூடோமிக்சோமா பெரிட்டோனை. பெரும்பாலும் குடல்வாலில் தொடங்கி, வயிறு முழுக்க ஜெல்லி போன்ற சளியை நிரப்பும் அரிய நோய். மெதுவாக வளரும், வயிற்றைத் தாண்டி அநேகமாகப் போகாது. இந்தச் சிகிச்சைக்கென்றே செய்து வைத்த நோய் மாதிரி. 1993-இல் நடிகை ஆட்ரி ஹெப்பர்ன் இறந்தது இதில்தான்.

சூடு என்ன செய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பொதுவாக 41-லிருந்து 43 டிகிரி செல்சியஸ். குளிக்கிற வெந்நீரைவிடக் கொஞ்சம்தான் கூடுதல், அத்தை கற்பனை செய்த கொதி இல்லை. அந்தச் சூட்டில் புற்றுச்செல்லால் தன் டிஎன்ஏவில் ஏற்படும் பழுதை ஒழுங்காகச் சரிசெய்துகொள்ள முடியாது, சில மருந்துகளின் வீரியமும் கூடும். இதையெல்லாம் ஆய்வகத்தில் தட்டில் வளர்த்த செல்களில் காட்டியிருக்கிறார்கள். ஆனால் மருந்து திசுவுக்குள் ஊறுகிற ஆழம் சில மில்லிமீட்டர்தான். அதனால் நெல்லிக்காய் அளவு கட்டியை விட்டுவைத்துவிட்டு ஊற்றினால் மேல்தோல் நனையும், உள்ளே ஒன்றும் ஆகாது. முதலில் கண்ணுக்குத் தெரிகிற அத்தனையையும் எடுத்தாக வேண்டும்.

வாஷிங்டனில் இருந்த பால் சுகர்பேக்கர் அந்த எடுப்பதை ஒரு கலையாகவும் ஒரு பிடிவாதமாகவும் ஆக்கினார். 1995-இல் அவர் எழுதிய கட்டுரை பெரிட்டோனியத்தைப் பகுதி பகுதியாக உரித்தெடுக்கும் ஆறு முறைகளை விவரித்தது. வயிற்றை 13 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போட்டு, மொத்தம் 39-க்கு நோய் எவ்வளவு என்று சொல்கிற அட்டவணையும் அவருடையது. மிச்சம் இருப்பது 2.5 மில்லிமீட்டருக்குக் கீழே இருக்கிறதா என்பதுதான் அவர் கேட்கிற கேள்வி. மண்ணீரல், பித்தப்பை, குடலின் நீளங்கள், தேவைப்பட்டால் கருப்பை எல்லாம் போகும். பத்து, பன்னிரண்டு மணி நேரம் ஆகும். பிறகுதான் சூடு. அவர் வழியில் வயிற்றின் விளிம்பை மேலே ஒரு வளையத்தில் இழுத்துக் கட்டி, பிளாஸ்டிக் தாள் போட்டு, சர்ஜன் கையை உள்ளே விட்டு மருந்துநீரைக் கலக்கிக்கொண்டே இருப்பார். வட்ட மைதானம்போல் தெரிவதால் அதற்குக் கொலோசியம் முறை என்று பெயர். வேறு சிலர் தையலைப் போட்டு மூடிவிட்டு வெளியிலிருந்து வயிற்றைக் குலுக்குவார்கள். மயக்க மருத்துவருக்கு அந்த நேரத்தில் வேறு வேலை. உடம்பு முழுக்கச் சூடேறிவிடாமல் நோயாளியைக் குளிர்விக்க வேண்டும்.

ஜப்பானில் இது வேறு வழியில் வளர்ந்தது. அங்கே இரைப்பைப் புற்று அதிகம். மைட்டோமைசின் சி என்ற மருந்தே ஜப்பானிய மண்ணிலிருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து 1950-களில் பிரித்தெடுத்ததுதான். கோகா போன்றவர்கள் 1980-களிலேயே அதைச் சூடாக வயிற்றில் சுற்றவிட்டு, நோய் பரவுவதற்கு முன்னாலேயே தடுக்க முடியுமா என்று பார்த்தார்கள்.

பலர் பிழைத்தார்கள், முன்பு மாதக் கணக்கில் போனவர்கள் வருடக் கணக்கில் இருந்தார்கள் என்று அறிக்கைகள் வந்துகொண்டே இருந்தன. எல்லாம் தேர்ந்தெடுத்த நோயாளிகள். பன்னிரண்டு மணி நேரம் தாங்கக்கூடிய உடம்பு, எடுத்துவிடக்கூடிய அளவு நோய். அப்படிப்பட்டவர்கள் எப்படியும் மற்றவர்களைவிடக் கூடுதல் காலம் இருந்திருப்பார்களே என்று கேட்டவர்களும் இருந்தார்கள்.

2003-இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஒரு விடை வந்தது. நெதர்லாந்து புற்றுநோய்க் கழகத்தில் 105 பெருங்குடல் புற்று நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கம் வழக்கமான கீமோ, தேவைப்பட்டால் அடைப்பு நீக்க மட்டும் ஆபரேஷன். இன்னொரு பக்கம் முழு உரிப்பும் சூடான மைட்டோமைசினும், அதன்பின் கீமோவும். முதல் குழுவில் பாதிப் பேர் தாண்டிய காலம் 12.6 மாதம், இரண்டாவதில் 22.3. சிகிச்சையாலேயே இறந்தவர்கள் 8 சதவீதம். அந்த 8 சிறிய எண் இல்லை. ஆனாலும் வித்தியாசம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஹைபெக் செய்யும் மையங்கள் உலகெங்கும் முளைத்ததற்கு இந்தக் கட்டுரையும் ஒரு காரணம்.

நம் தொழிலில் ஒரே ரிலீஸில் மூன்று மாற்றம் போட்டு, சைட் வேகமானதும் மூன்றுக்குமே பாராட்டு வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நானே வாங்கியிருக்கிறேன். ஆம்ஸ்டர்டாம் ஆய்வும் அப்படித்தான். ஒரு குழுவுக்குக் கத்தியும் கிடைத்தது, சூடும் கிடைத்தது. இன்னொன்றுக்கு இரண்டும் இல்லை. வித்தியாசத்துக்குக் காரணம் எது என்று அந்த ஆய்வு சொல்லவே முடியாது. அந்தக் கட்டுரையை நான் 2018 பிப்ரவரியில் படித்தேன். இந்த ஓட்டை அப்போது என் கண்ணில் படவில்லை.

காரணம், அதற்கு முந்தைய மாதம்தான் இன்னொரு கட்டுரை வந்திருந்தது. வான் டிரீல் என்ற டச்சு மருத்துவரின் குழு 245 பேரை வைத்துச் செய்தது. எல்லாருக்கும் ஆபரேஷன், எல்லாருக்கும் கீமோ. பாதிப் பேருக்கு மட்டும், ஆபரேஷன் மேசையிலேயே குலுக்கல் போட்டு, 40 டிகிரியில் 90 நிமிடம் சிஸ்பிளாட்டின். சூடு இல்லாதவர்களுக்கு 33.9 மாதம், சூடு கிடைத்தவர்களுக்கு 45.7. பக்க விளைவுகளிலும் பெரிய வித்தியாசம் இல்லை. சுத்தமான ஆய்வு. "மாமா, போன மாசம்தான் பெரிய ஜர்னல்ல வந்திருக்கு, ஒரு வருஷம் கூடக் கிடைக்குது, செய்யலாம்" என்று போனில் சொன்னேன். மாமா நகையை எல்லாம் அடகு வைத்து, போதாமல் ரோட்டோர நிலம் ஒன்றையும் விற்றார்.

அந்த ஆய்வு சினைப்பைப் புற்றைப் பற்றியது. அத்தைக்கு இருந்தது பெருங்குடல் புற்று.

தெரியாமல் சொல்லவில்லை. தலைப்பிலேயே இருந்தது. வயிறு ஒன்றுதானே, உறை ஒன்றுதானே, சுடுதண்ணி ஒன்றுதானே என்று நினைத்துக்கொண்டேன். அத்தையின் சட்டிக் கணக்குக்கும் என் கணக்குக்கும் அப்போது பெரிய வித்தியாசம் இல்லை. டாக்டர் இரண்டு வழியையும் பொறுமையாகவே விளக்கியிருந்தார். ஆபரேஷனோடு சூடும் சேர்த்தால் செலவு இவ்வளவு, ஆபத்து இவ்வளவு, முடிவு உங்களுடையது என்றுதான் சொன்னார். வீட்டார் என் முகத்தைப் பார்த்தார்கள்.

மார்ச்சில் ஆபரேஷன், பதினோரு மணி நேரம். ஜூனில் சிகாகோவில் நடந்த அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் மாநாட்டில் பிரான்ஸின் மான்பெலியே நகர சர்ஜன் ஃபிரான்சுவா கெனே எழுந்து, புரோடிஜ் 7 என்ற ஆய்வின் முடிவைச் சொன்னார். 17 மையங்கள், 265 பேர், எல்லாருக்கும் பெருங்குடலிலிருந்து பெரிட்டோனியத்துக்குப் பரவிய புற்று. எல்லாருக்கும் உரிப்பு. கண்ணுக்குத் தெரிகிற நோய் கிட்டத்தட்ட முழுசாக எடுக்கப்பட்டதை உறுதி செய்தபின், மேசையிலேயே குலுக்கல். பாதிப் பேருக்கு 43 டிகிரியில் 30 நிமிடம் ஆக்சாலிபிளாட்டின், மீதிப் பேருக்கு இல்லை. ஒரே ஒரு மாற்றம்.

சூடு கிடைத்தவர்களுக்கு 41.7 மாதம். கிடைக்காதவர்களுக்கு 41.2.

அரை மாதம். அதுகூடத் தற்செயல் என்றே கொள்ள வேண்டும். அறுபதாவது நாளில் கடுமையான சிக்கல்கள் சூடு கிடைத்தவர்களில் 26 சதவீதம் பேருக்கு, மற்றவர்களில் 15 சதவீதம் பேருக்கு. அத்தை மே மாதம் வயிற்றில் சீழ் கட்டி, திரும்ப சென்னை போய்ப் பதினெட்டு நாள் படுத்திருந்துவிட்டு வந்தார். அவர் அந்த 15-இல் ஒருவரா, கூடுதலாக வந்த 11-இல் ஒருவரா என்று ஒரு மனிதரை வைத்துச் சொல்ல வழியில்லை. நான் அந்தக் கணக்கை எத்தனை இரவு போட்டிருக்கிறேன் என்பது வேறு.

முடிவு வந்ததும் பலர் ஹைபெக்கையே தூக்கிக் குப்பையில் போடச் சொன்னார்கள். அது அவசரம் என்றுதான் எனக்கு இன்னமும் தோன்றுகிறது. 30 நிமிடம் போதுமா, ஏற்கெனவே ஊசியில் ஆக்சாலிபிளாட்டின் வாங்கித் தப்பிய செல்களிடம் அதே மருந்தைக் காட்டினால் எடுபடுமா என்ற கேள்விகள் நியாயமானவை. ஆய்வு மறுத்தது இந்த மருந்தை, இந்த நேர அளவை, இந்தப் புற்றுக்கு. சினைப்பைப் புற்றில் டச்சுக்காரர்கள் பத்து வருடக் கணக்கை 2023-இல் வெளியிட்டார்கள், வித்தியாசம் அப்படியே நிற்கிறது. ஸ்பெயினில் 184 பேரிடம், பரவும் அபாயம் உள்ள பெருங்குடல் கட்டிக்கு முன்கூட்டியே சூடான மைட்டோமைசின் கொடுத்துப் பார்த்ததில் அந்த இடத்தில் நோய் திரும்புவது குறைந்தது, ஆயுள் கூடவில்லை. ஒரே வயிறு, ஆனால் ஒவ்வொரு புற்றுக்கும் வேறு பதில்.

ஆனால் புரோடிஜ் 7 பற்றிப் பேசுகிறவர்கள் அந்த இரண்டாவது எண்ணைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். 41.2. சூடு இல்லாமல், கத்தியும் ஊசிக் கீமோவும் மட்டும். 2003-இல் இதே நோய்க்கு வழக்கமான சிகிச்சை கொடுத்தது 12.6 மாதம். இரண்டு ஆய்விலும் சேர்ந்தவர்கள் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை, இடையில் கீமோ மருந்துகளும் மேம்பட்டன, ஆகவே நேராகக் கழித்துப் பார்க்கக் கூடாது. இருந்தும், உரித்து எடுக்க முடியும் என்று நாற்பது வருடம் பிடிவாதமாக நம்பிய ஒரு கூட்டம் இல்லாமல் அந்த எண் வந்திருக்காது. அந்தக் கூட்டம் ஏன் நம்பியது? கடைசியில் சூடு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும் என்ற தைரியத்தில்தானே அவ்வளவு தூரம் கத்தியைக் கொண்டுபோனார்கள். சூடு என்ற வாக்குறுதி இல்லாமல் எந்த சர்ஜன் பன்னிரண்டு மணி நேரம் நின்று ஒரு உறையை உரித்திருப்பார்? இது என் ஊகம், எந்த ஜர்னலிலும் வராது.

ஜூலையில் ஊருக்குப் போயிருந்தேன். அத்தை திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். முகம் தெளிந்திருந்தது. "நீதான எல்லாம் படிக்கிற மருமகனே, சொல்லு. அந்தச் சுடுதண்ணி வேலை செஞ்சிருக்கா?" என்றார். சிகாகோ அறிவிப்பு என் போனில் இருந்தது. "ஸ்கேன் நல்லா வந்திருக்கு அத்தை" என்றேன். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்று அவருக்குத் தெரிந்ததா என்று தெரியவில்லை. கீரைக் காம்பை ஒடித்துக்கொண்டே இருந்தார்.

2021 ஜூனில் அத்தை இறந்தார். ஆபரேஷனிலிருந்து 39 மாதம். எண்ணாமல் இருக்க முடியவில்லை. அந்த 39-இல் ஒரு பேத்தி பிறந்தாள், அத்தை அவளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினார், இரண்டு தீபாவளிக்கு முறுக்கு சுட்டார், மூன்றாவதற்கு உட்கார்ந்தபடி மாவு பதம் சொன்னார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மாமா நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். விற்ற நிலத்தில் இப்போது யாரோ பெட்ரோல் பங்க் கட்டுகிறார்கள் என்றார். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.

"அந்தச் சுடுதண்ணி மட்டும் விடலைன்னா ஆறு மாசம்கூடத் தாண்டியிருக்க மாட்டா, என்ன மாப்ள?"

"ஆமா மாமா" என்றேன்.